பார்லிங்கட்டுக்கு இரண்டு மதிப்பெண்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அந்த நாலு வாரமும் என் காது சிவந்தபடியேதான் இருந்திருக்க வேண்டும். தேர்வு வாரியத்தின் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், ஒரு புத்தகத்தில் இருப்பதை இன்னொரு புத்தகத்தில் சரிபார்க்கத் தோன்றாத சோம்பேறிகள் எல்லார் மேலும் கோபம். இத்தனை பேரையும் திட்டித் தீர்த்த பிறகுதான், வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் நான் என்பது உறைத்தது.

நான் அகராதிக்காரி. பத்தொன்பது வருஷமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. நாற்காலியின் மெத்தையை மட்டும் மூன்று தடவை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பதிப்பகத்தில் நாட்காட்டி, கடிதம் எழுதும் முறை, மாதிரிக் கட்டுரைகள் என்று என்னென்னவோ போடுவார்கள். உருப்படியான புத்தகம் ஒன்றுதான். அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களையும், பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களையும் எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எப்படியெல்லாம் பொருள் மாறியது என்று தமிழில் சொல்லும் அகராதி. எண்ணூற்று நாற்பது பக்கம். மூன்றாம் பதிப்பில் பாதிக்கு மேல், சொல்லுக்கு ஒன்றாக நான் எழுதிய குறிப்பு அட்டைகளிலிருந்து போனது.

அந்த வேலையில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. தசையைக் குறிக்கும் 'மசில்' என்ற சொல்லுக்குள் லத்தீன்காரன் ஒரு சுண்டெலியை வைத்திருக்கிறான். கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி அவனுக்குப் பட்டிருக்கிறது. துப்பு என்று நாம் சொல்லும் 'க்ளூ' முதலில் நூல்கண்டு. சிக்கலான வழியில் நுழைகிறவன் திரும்பி வருவதற்காகப் பிரித்துக்கொண்டே போகும் நூல். 'நைஸ்' என்று யாராவது யாரையாவது பாராட்டினால், ஒன்றும் தெரியாத மண்டு என்று திட்டப் பிறந்த சொல் அது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். 'செட்' என்கிற, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள சனியன் மட்டும் என் ஏழு மாதத்தைத் தின்றது. அத்தனை பொருள் அதற்கு.

என் பரம எதிரி கட்டுக்கதைதான். 'சின்சியர்' என்ற சொல்லுக்கு 'மெழுகில்லாத' என்று பொருளாம், சிலையின் விரிசலை மெழுகால் அடைத்து ஏமாற்றாத சிற்பியிடமிருந்து வந்ததாம். ஊரெல்லாம் சுற்றும் கதை. கேட்க அழகாக இருக்கும், ஆதாரம் கிடையாது. யாராவது அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினால் எனக்கு வயிறு எரியும். உறவுக்காரர் வீட்டு விருந்தில் ஒருவர் அதை ஆரம்பித்தபோது நான் விடவில்லை. சாப்பிட வந்த இடத்திலுமா என்று எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அப்படிப்பட்ட நான்தான் பார்லிங்கட்டைப் பெற்றவள்.

அகராதி போடுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பத்து வருஷம் உழைத்துப் போட்டதை வேறொருவன் பத்து நாளில் அப்படியே எடுத்துத் தன் புத்தகமாகப் போட்டுவிடலாம். கேட்டால், சொற்கள் எல்லாருக்கும் பொது, நானும் தேடித்தான் எழுதினேன் என்று கையை விரிப்பான். அதற்காக எங்கள் பெரியவர், அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஒவ்வொரு பதிப்பிலும் ஒரே ஒரு சொல் பொய். உலகத்தில் எங்கேயும் இல்லாத சொல்லுக்குப் பொருளும் பிறப்பும் கற்பித்து நடுவில் செருகிவிடுவது. அது இன்னொரு புத்தகத்தில் தலைகாட்டினால் திருடன் கையும் களவுமாக அகப்பட்டான். அந்தச் சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் காவல்காரன் என்று பெயர். எழுதியவருக்கும் முதலாளிக்கும் தவிர யாருக்கும் அது எது என்று தெரியக் கூடாது. அடுத்த பதிப்பு வரும்போது பழையவனை எடுத்துவிட்டுப் புதியவனை நிறுத்த வேண்டும்.

மூன்றாம் பதிப்புக்கு என்னை எழுதச் சொன்னார் பெரியவர். பொய்தானே என்று நான் ஏனோதானோவென்று எழுதவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கினேன். பார்லிங்கட், பெயர்ச்சொல். ஒன்று, படகைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் துறைக் கம்பத்தில் மாட்டிவைக்கும் கயிற்று வளையம். இரண்டு, அந்த நேரத்துக்கு ஆளைச் சமாளிக்கக் கொடுக்கும் வாக்கு. மூன்று, அரிய வழக்கு, இடம் பிடிப்பதற்காக நாற்காலியில் போட்டுவைக்கும் கைக்குட்டை. பிறப்பு, வடகடல் மீனவர்களின் பழைய பேச்சு. பெரியவர் படித்துவிட்டு, நிஜச் சொல் எதுவும் இவ்வளவு லட்சணமாக இருக்காதே என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். மகன் பொறுப்புக்கு வந்தான். நான்காம் பதிப்பு இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஒன்பது வருஷம் ஆறப்போடப்பட்டது. காவல்காரன் மாறாமல் நின்றான். நின்றவன் சும்மா இல்லை, சொந்தமாக நடமாட ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒருவர் 'பார்லிங்கட் வாக்குறுதிகள்' என்று தலைப்புப் போட்டே எழுதினார். எங்கள் வீட்டுக்காரருக்கு உண்மை தெரியாது. உன் புத்தகத்துச் சொல் வந்திருக்கிறது பார் என்று அவர் வெட்டிக் கொடுத்த துண்டை நான் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்து, அகராதியில் சந்தேகம் கேட்க வேண்டும் என்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். முன்கை இரண்டிலும் இஸ்திரிச் சூடு பட்ட பழுப்புத் தழும்புகள். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் மருத்துவமனை விரிப்புகளைத் தேய்க்கிற வேலையாம். பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தாள். அவையும் தேய்த்த மாதிரியே மடிப்பில்லாமல் இருந்தன. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் உரிமத் தேர்வு எழுதியிருந்தாள். மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ நின்று இன்னொருவருக்காகப் பேச வேண்டும் என்றால் இப்போது அந்த உரிமம் இல்லாமல் முடியாது. நூற்றுக்கு அறுபது வேண்டும். இவளுக்கு ஐம்பத்தெட்டு. மூன்று தடவைதான் எழுதலாம், இது மூன்றாவது. மறுபரிசீலனைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். விடைத்தாளின் நகலில் பதினேழாம் கேள்வியின் மேல் விரலை வைத்தாள். பார்லிங்கட் என்ற சொல்லின் பொருள்களையும் பிறப்பையும் தருக, இரண்டு மதிப்பெண். கீழே நிதானமான கையெழுத்தில் அவள் எழுதியிருந்தது: அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம்.

அது என் காவல்காரன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் எனக்கு வந்தது தேர்வு வாரியத்தின் மேல் கோபம்தான். காய்ச்சல்காரனின் வலியை எடுத்துச் சொல்லப் போகிறவளிடம் படகுக் கயிற்றின் பிறப்பைக் கேட்பானா ஒருவன்? கேட்பவன் வேறு ஏதாவது ஒரு புத்தகத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க மாட்டானா? எங்கள் அகராதியை வாரியம் ஆதார நூலாக வைத்திருந்தது. கேள்வி போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஏழு அகராதிகளில் தேடினேன், எதிலும் இல்லை என்று அவள் சொன்னாள். எந்தெந்த நூலகம், என்றைக்குப் போனாள் என்று பட்டியலே வைத்திருந்தாள். நான் பத்தொன்பது வருஷமாகச் செய்கிற வேலையை அவள் இரண்டு வேலை நேரங்களுக்கு நடுவில், பேருந்து பிடித்துப் போய்ச் செய்திருக்கிறாள். அரிய சொற்கள் எல்லா அகராதியிலும் இருப்பதில்லை என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். அவள் உறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள்.

"இதையேதான் ரெண்டு வருஷம் முன்னாடியும் எழுதியிருந்தீங்க," என்றாள்.

எங்கள் பதிப்பகத்தின் பெயர் அச்சிட்ட முகவரித்தாள். கீழே என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் எங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள், இந்தச் சொல் வேறெங்கும் இல்லையே, அச்சுப்பிழையா என்று. தாங்கள் குறிப்பிட்ட சொல் அரிதாகப் புழங்குவது, எங்கள் ஆசிரியர் குழு அதைச் சரிபார்த்தே சேர்த்திருக்கிறது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். காவல்காரனைப் பற்றி யார் கேட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் பதிப்பக வழக்கம். கை தவறி நடந்ததல்ல. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடப் போயிருப்பேன்.

அந்த நேரத்தில் நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண் வந்திருக்குமே, ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு அது மனப்பாடம். மூணு பொருளும் சொல்லட்டுமா? ஆனா டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லணும், நோயாளி சொன்னதை மட்டும் சொல்லணும், இல்லாததைச் சேர்க்கக் கூடாதுன்னுதான் இந்தப் பரீட்சையே வைக்கறாங்க. அதுலயே பொய் எழுதிட்டு உள்ள போகச் சொல்றீங்களா?"

அவள் இந்த மொழிபெயர்க்கும் வேலைக்கு வந்த கதையையும் அப்போதுதான் சொன்னாள். விரிப்புக் கட்டுகளை வார்டில் வைக்கப் போயிருந்தபோது, அறுவைச் சிகிச்சை ஆன ஒருவரின் மனைவி பையைக் கட்டிக்கொண்டு அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாளாம். மருத்துவர் 'டிஸ்சார்ஜ்' என்று சொன்னது அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். மருத்துவர் சொன்னது புண்ணிலிருந்து சீழ் வடிவதைப் பற்றி. இவள் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடித் தடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அந்த வார்டில் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. ஆறு வருஷம், ஒரு காசு வாங்காமல். இப்போது உரிமம் இல்லாதவர்கள் கட்டில் பக்கமே வரக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லுக்கு எங்கள் அகராதியில் ஒன்பது பொருள் இருக்கிறது. அட்டை எழுதியது நான். அதைப் படித்திருந்ததால்தான் அன்றைக்கு ஓடினேன் என்றாள் அவள். பாராட்டாக இல்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். அவன் அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நடந்ததைச் சொல்லி, வாரியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடலாம், இது எங்கள் காவல் சொல், தேர்வில் கேட்கக் கூடாதது என்று நாலு வரி போதும் என்றேன். அவன் முகம் வெளுத்தது.

வாரியத்துக்கு அது தெரிந்தால் ஆதார நூல் பட்டியலிலிருந்து அன்றைக்கே நம் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றான். போட்டிப் பதிப்பகம் நடத்தும் எதிர்க்கடைக்காரன் நம் அகராதியைப் பார்த்துப் போட்ட புத்தகத்தில் பார்லிங்கட் இருப்பதைக் கண்டுபிடித்து இப்போதுதான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், அதற்குள் நாமே வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும் என்றான். நான்காம் பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றான். நான் விடாமல் நின்றேன்.

"அக்கா, இது ரெண்டு மார்க் விஷயம். இதுக்காக அப்பா போட்ட புத்தகத்தைத் தெருவுக்கு இழுக்கணுமா?"

"உனக்கும் எனக்கும் ரெண்டு மார்க்குப்பா. அவளுக்கு இனிமே பரீட்சையே கிடையாது."

யார் அவர்களை நம் புத்தகத்திலிருந்து கேள்வி எடுக்கச் சொன்னது என்று அவன் பேச்சை மாற்றினான். தப்பு வாரியத்துடையது என்று அடித்துப் பேசினான். அதைத்தான் நானும் அரை மணி நேரத்துக்கு முன்பு நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணையும் வரச் சொல்லி, தேர்வு வாரியத்துக்குப் போனேன். வழியில் பேருந்திலேயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அந்தச் சொல்லை உண்டாக்கியவளே நான்தான் என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாரியத்தின் மறுபரிசீலனைப் பிரிவு இரண்டாவது மாடியில். நீளமான மேசை, அதன் மேல் எங்கள் அகராதி, அட்டை நைந்து போய். மேற்பார்வையாளர் பொறுமையான மனிதர்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அகராதியைப் பிரித்துப் பக்கத்தைக் காட்டினார். இதோ இருக்கிறதே என்றார். அது பொய் என்றேன். எழுந்துபோய் எதிர்க்கடைக்காரன் புத்தகத்தைக் கொண்டுவந்து அதிலும் காட்டினார். அது எங்களிடமிருந்து திருடியது என்றேன். கணினியில் தட்டி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையையும் எடுத்துவிட்டார்.

"மூணு இடத்துல இருக்கற சொல்லை இல்லைன்னா எப்படிம்மா? நீங்க இல்லைன்னு சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"

பெற்றவளே பிள்ளை இல்லை என்கிறாள், அதற்குச் சான்றிதழ் கொண்டு வா என்கிறான் மனுஷன். ஊரார் சொல்லும் கட்டுக்கதைக்கெல்லாம் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று மேலே விழுந்து பிடுங்கியவள் நான். இப்போது நானே கட்டிய கதைக்கு அச்சில் மூன்று சாட்சி. பதிப்பகத்தின் முகவரித்தாளில், பொறுப்பில் உள்ளவர் கையெழுத்தோடு எழுதிக் கொண்டுவந்தால் குழுவின் முன் வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அந்தச் சொல்லை அவர் தன் அலுவலகத்தில் பத்துப் பேருக்காவது சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறாராம். என்னிடமே சொல்லவில்லையே என்று அவருக்கு வருத்தம். வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். வேலையில் இருந்துகொண்டு இந்த மாதிரி இன்னொரு கடிதத்துக்குக் கையெழுத்துப் போட உன்னால் முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். பதில் தெரிந்த கேள்வியாக இருந்ததால் எரிச்சலாக வந்தது. போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வாசகர் கடிதங்களுக்கு முகவரித்தாளில் பதில் எழுதும் உரிமை எங்கள் அலுவலகத்தில் எனக்குத்தான். வியாழக்கிழமை காலை முதல் வேலையாக உட்கார்ந்து எழுதினேன். பார்லிங்கட் என்பது இந்தப் பதிப்பகம் நகல் எடுப்பவர்களைப் பிடிப்பதற்காகக் கற்பித்த சொல். அதை எழுதியவள் கீழே கையெழுத்திட்டிருக்கும் நான். அதைப் பற்றி இந்த வாசகர் கேட்டபோது நாங்கள் அனுப்பிய பதில் உண்மைக்கு மாறானது. இந்தத் தேர்வில் பதினேழாம் கேள்விக்குச் சரியான விடை, அப்படி ஒரு சொல் இல்லை என்பதே. நாங்கள் என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு நான் என்று மாற்றி மறுபடி அச்செடுத்தேன். ஒளிந்து செய்ய எனக்கு மனமில்லை. ஒரு நகலை முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவன் இரண்டு முறை படித்தான். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"இதைக் கொடுத்தீங்கன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்க்கா," என்றான். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் இரண்டு மார்க் என்று அவன் சொன்னது மறக்கவில்லை. மேசை இழுப்பறையைக் காலி செய்ய அரை மணி கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தோம். மேற்பார்வையாளர், அந்தப் பெண் வைத்திருந்த பழைய கடிதத்தையும் என் புதுக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. இதுல எது பொய்?"

"பழையது," என்றேன். அறையில் ஐந்தாறு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குறித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். குழு முடிவு செய்துவிட்டது. பதினேழாம் கேள்வி ரத்து, எழுதிய எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண். எங்கள் அகராதி பட்டியலிலிருந்து நீக்கம். அந்தப் பெண்ணுக்கு அறுபது ஆகிவிட்டது, தேர்ச்சி. உரிமத்துக்கான படிவத்தையும், மதிப்பெண் பெற்றுக்கொண்டதற்கான தாளையும் மேற்பார்வையாளர் முன்னால் தள்ளி, இங்கே ஒரு கையெழுத்து என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் பேனாவை எடுக்கவில்லை.

எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று கேட்டாள். புத்தகத்தில் இருந்ததை எழுதியவர்கள், ஒன்றும் எழுதாமல் விட்டவர்கள், எல்லாருக்கும்தான் என்றார் அவர். அவள் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். சிவப்புப் பூஜ்யம் அப்படியே இருந்தது.

"பாஸ் ஆயிட்டீங்களேம்மா, இன்னும் என்ன வேணும்?"

"கேள்வி தப்புன்னு சொல்லி எல்லாருக்கும் போட்ட மார்க்கு எனக்கு வேணாம் சார். நான் எழுதினது சரி. சரின்னு போட்டுக் குடுங்க."

இரண்டும் இரண்டுதானே, எப்படி வந்தால் என்ன என்று அவர் சொல்லிப் பார்த்தார். ரத்தான கேள்வியின் விடையைத் தனியாகத் திருத்திச் சரி போட விதியில் இடமில்லை என்றார். அவள் குரலை உயர்த்தவே இல்லை, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. எனக்கே ஒரு கணம், கையெழுத்தைப் போட்டுவிட்டு வாயேன் அம்மா, காரியம் முடிந்ததே என்று தோன்றியது. தோன்றியதும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அவள் சொல்வது சரி, நீங்கள் போட்டது தப்பு, தப்பைத் தப்பென்று எழுதினால் உங்கள் விரல் தேய்ந்தா போய்விடும் என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சிவப்புப் பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் 'சரி, 2' என்று எழுதி, கீழே சுருக்கொப்பம் போட்டுத் தேதி இட்டார். அவள் அந்த மை காயும் வரை காத்திருந்துவிட்டுப் பிறகுதான் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வாசல் படியில் இறங்கி நின்றோம். பேருந்து நிறுத்தம் எதிரேயே இருந்தது. எனக்கு வேலை போனது அவளுக்குத் தெரியும். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வாள், நான் வேண்டாம் என்று சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன். அப்படியும் ஒரு அற்ப ஆசை.

"உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வரலை," என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடியே உண்மையை ஒரு வரி எழுதியிருந்தா, ரிசல்ட் வந்த அன்னிக்கே அதைக் காட்டியிருப்பேன், நான் இத்தனை நாள் வெளில நின்னிருக்க மாட்டேன். உள்ள ஆள் இல்லாம எத்தனை பேரு என்னென்ன புரிஞ்சிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்களோ."

நான் தலையாட்டினேன். அவள் தோள்பையிலிருந்து எங்கள் அகராதியை எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, நடுவில் துணிநூலால் தைத்துச் சேர்த்த பக்கங்கள். இத்தனை வருஷமும் கட்டில் பக்கத்தில் நின்றபோது அவள் கையில் இருந்த புத்தகம்.

"இதுல இன்னும் எத்தனை இருக்கு?"

"அது ஒண்ணுதான். சத்தியமா ஒண்ணுதான்."

"அதை நான் எப்படி நம்பறது?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வார்டில் போய் நிற்க வேண்டும், அதற்காகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னைப் பார்த்தபடி காத்திருந்தாள். எண்ணூற்று நாற்பது பக்கத்தில் பாதியை எழுதியவளுக்குப் பதில் சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை. பேருந்து வந்தது, அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.